பாரீஸ் பாராளுமன்றத்தில் ஒரு புதுவைக்காரர்

கிருஷ்ணகிரியில் தொடங்கி ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் எனச் சென்று புதுவைக் கடற்கரையில் முடியும் பெருவழி நம் பகுதி மக்களுக்குப் புதியதன்று. முன்னாளில் 66 என்ற எண் தாங்கிய தேசிய நெடுஞ்சாலை அது. வேளாங்கண்ணி யாத்திரையின்போதும், வில்லியனூர் லூர்து அன்னையின் திருத்தலத்துக்குப் போகும்போதும் பர்கூர் மக்களாகிய நாம் அவ்வழியே செல்கிறோம். புதுவையில் இறங்கியதும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். அந்தக் கடற்கரைச் சாலையின் பெயர் குபேர் சாலை. ஊர் திரும்புமுன் நம் தாய்மார்கள் புகுந்து வரும் பெரிய மார்க்கெட்டின் பெயரும் குபேர் அங்காடியே. செல்வத்துக்கு அதிபதியான குபேரனின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டு வந்துவிடுவோர் நம்மில் பலர். நாமும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

அது ஒரு மனிதரின் பெயர். எதுவார் குபேர் என்பது அவரது முழுப்பெயர். பாரீஸ் மாநகரில் பிரெஞ்சு தேசிய சட்டமன்றத்தில் புதுவையின் பிரதிநிதியாக அமர்ந்தவர் அவர். பின்னர் புதுவை மாநிலத்தின் முதல் முதலமைச்சரும் ஆனார். இவ்விரண்டுக்கும் இடையே நடந்ததே நாம் ஈண்டுச் சொல்ல வந்த வரலாறு.

நம் பங்கின் ஜூபிலி மலரில் பிரெஞ்சு நாட்டுப் பாராளுமன்றத்துக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். நமது தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவாயிற்று. சேலம் மறைமாவட்டமோ புதுவை, கும்பகோணம், மைசூர் ஆகியவற்றின் பகுதிகளைக் கொண்டு 1930-இல் ஏற்படுத்தப்பட்டது. அதன் முதல் ஆயர் ஹென்றி புருனியே ஆண்டகை பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். 1776-இல் சேசுசபையாரிடமிருந்து கருநாடக மிஷனை அச்சபை ஏற்றுக்கொண்ட நாள்முதல் புதுவையே அவர்களுக்குத் தாய்வீடு. பாரீசிலிருந்து புதுவைக்கு வந்தவர்களைப் பற்றி நம் மலர்கள் பல எழுதிவிட்டன. புதுவையிலிருந்து பாரீசுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு முறையேனும் எழுதினால் குற்றமில்லை என்று கருதினோம்.

புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம், வங்காளத்துச் சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அந்நாளையப் பிரெஞ்சிந்தியா. இவ்வளவு சிறிய நாட்டுக்குப் பாரீஸ் சட்டமன்றத்தில் ஓர் இடம் 1848-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கிடைத்தது. அது விரைவிலேயே பறிபோய், 1871-இல் மீண்டும் வந்தது. பின்னர் மேலவையிலும் ஓர் இடம் தந்தார்கள். நம் பகுதி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அக்காலத்தில், இலண்டன் பாராளுமன்றத்துக்கு இந்திய மண்ணிலிருந்து ஒரு பிரதிநிதியை அனுப்பும் உரிமை எவருக்கும் இல்லை. தாதாபாய் நௌரோஜி 1892-இல் அங்கே நுழைந்ததும் ஓர் ஆங்கிலத் தொகுதியின் வாக்குகளால்தான். அந்த அளவில் புதுவைக்குக் கிடைத்தது பெரிய உரிமையே.

ஆனால் உரிமை காகிதத்தில் இருந்தது, உட்பொருள் வேறு. பல்லாண்டுக் காலம் புதுவையின் பிரதிநிதிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் பிரான்சிலேயே வாழ்ந்தவர்கள். வாக்காளர் வேறு, அவர்தம் மொழி வேறு, துன்பம் வேறு. இவர்களுக்கு வாக்குச் சேர்த்துத் தந்தவர்கள் உள்ளூர்ப் பெருந்தனக்காரர்கள். வாக்குச்சீட்டுப் பெட்டிக்குள் எப்படி நிறைந்தது என்பதைக் கேட்டவரும் இல்லை, கேட்டாலும் சொல்பவர் இல்லை.

இங்கே பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1873-இல் அவர் ஐரோப்பியரைப் போலக் காலில் சப்பாத்து அணிந்து புதுவை நீதிமன்றத்துக்குள் சென்றார். இந்தியர் அப்படி வரலாகாது என்று தடுக்கப்பட்டார். அவர் விடவில்லை. வழக்கு பாரீசில் உள்ள உச்சநீதிமன்றம் வரை சென்றது, வென்றார். காலணிக்காக ஒரு வழக்கா என்று இன்றைய இளைஞர்கள் நகைக்கலாம். மேலோர் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த முன்னோரை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம் ஊர்களில் இன்றும் உளர். அவர்கள் நகைக்க மாட்டார்கள்.

1881-இல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் செய்தது. தம் சாதி, மத வழக்கங்களின்படியான தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுக்கும் இந்தியர், பிரெஞ்சுக் குடிமகனுக்குரிய உரிமைகளைப் பெறலாம் என்றது அச்சட்டம். அவ்வாறு எழுதிக் கொடுத்தோர் ஒரு குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டனர். பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்ற பெயரை ஏற்றார். வாசல் என்பது அதன் பொருள். துறந்தோர் எனப்பட்ட இவர்களுள் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்டோரும் மிகுதி. சட்டத்தின்முன் சமமாகிவிடலாம் என்ற நம்பிக்கையில் வாசலைத் தட்டியவர்கள் அவர்கள்.

வாசல் முழுதும் திறந்ததா? இல்லை. 1884-இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல், துறந்தோர் ஒரு பட்டியல், ஏனைய இந்தியர் ஒரு பட்டியல். ஒருசில நூறு ஐரோப்பியரும் பல்லாயிரம் இந்தியரும் உள்ளூர்ச் சபைகளுக்குத் தனித்தனியே ஆள் அனுப்பும் ஏற்பாடு அது. 1899-இல் மூன்று பட்டியல் இரண்டாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகே எல்லாரும் ஒரே பட்டியலில் நின்று வாக்களிக்கும் நிலை வந்தது.

இந்தச் சூழலில் வளர்ந்தவரே எதுவார் குபேர். 1894 ஜூலை 29 அன்று புதுவையில் ஐரோப்பிய, இந்தியக் கலப்புடைய கிரியோல் குடும்பத்தில் பிறந்தார். நீதிமன்றப் பணியில் இருந்தவர். பிரெஞ்சுச் சட்டமும் தெரியும், தமிழ்த் தெருவும் தெரியும். அரசியலில் அவர் முழுமூச்சாக இறங்கியபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

போருக்குப் பின் காலம் வேகமாக ஓடியது. 1946 டிசம்பரில் பிரெஞ்சிந்தியாவுக்கென 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதித்துவ சபைக்குத் தேர்தல் நடந்தது. மில் தொழிலாளர் தலைவரான வ. சுப்பையாவின் தேசிய ஜனநாயக முன்னணி அதில் வெற்றி வாகை சூடியது. சுப்பையா 1947-இல் பாரீஸ் மேலவைக்கும் சென்றார். லம்பேர் சரவணன் அப்போது கீழவையில் புதுவையின் உறுப்பினர். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை அடைந்தது. புதுவையின் எல்லைக்கல் வரை சுதந்திரம் வந்து நின்றது. அதற்கப்பால் மூவண்ணப் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அதே ஆண்டில் குபேர் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தார். பிரெஞ்சு ஐக்கியத்துக்குள்ளேயே சுயாட்சியோடு இருக்க வேண்டும் என்பது அக்கட்சியின் நிலை. நிர்வாகத்துக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன? 1948 அக்டோபர் நகராட்சித் தேர்தல்களில் அக்கட்சி வென்றது. அத்தேர்தல்களில் அடியாட்களும் பொய் வாக்குகளும் புகுந்து விளையாடியதாக எழுந்த புகார்கள் இன்றுவரை ஓயவில்லை.

சந்திரநாகூர் மட்டும் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. 1949 ஜூன் 19 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவோடு இணையவே வாக்களித்தனர். எதிர்த்தோர் 114 பேர். புதுவையிலும் அதுபோன்ற வாக்கெடுப்பு நடத்த இயலுமா என்று பார்க்க 1951-இல் நடுநிலை நாடுகளின் பார்வையாளர்கள் வந்தனர். சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்ற சூழ்நிலை இல்லை என்று கண்டு திரும்பினர்.

அந்த 1951-ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று நடந்த பிரெஞ்சுப் பொதுத்தேர்தலில் குபேர் நின்றார். சரவணனைத் தோற்கடித்துப் பாரீஸ் தேசிய சட்டமன்ற உறுப்பினர் ஆனார். வாக்கு வித்தியாசம் மலைக்கத்தக்கதாக இருந்தது. இவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்தால் மகிழ்வதா, ஐயப்படுவதா என்று தெரியவில்லை. பர்கூர் தொகுதி வாக்காளராகிய நமக்கு இதில் சற்று அனுபவம் உண்டு. 1991-இல் செல்வி ஜெ. ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்து முதலமைச்சராக்கியது இத்தொகுதியே. ஐந்தாண்டு கழித்து 1996-இல் அதே முதலமைச்சரைத் தோற்கடித்து அனுப்பியதும் இத்தொகுதியே. அனுப்பவும் திருப்பியழைக்கவும் வல்ல வாக்கே வாக்கு. அன்றைய புதுவை வாக்காளர் கையில் அத்தகைய வாக்கு இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

குபேர் சென்று அமர்ந்த அவை எப்படிப்பட்டது? அறுநூறுக்கு மேற்பட்ட உறுப்பினர் கொண்டது. ஐரோப்பிய ஒற்றுமைக்கு அடிகோலிய ராபர்ட் ஷூமான் அங்கே இருந்தார். பக்தியுள்ள கத்தோலிக்கரான அவரை 2021-இல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது நம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். திழோன் நகர மேயரான கிர் என்ற குருவானவரும் அவ்வவை உறுப்பினர். ஏழைகளின் தோழரான அபே பியேர் 1951 வரை அங்கே இருந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து செனகல் நாட்டுக் கவிஞர் செங்கோரும் ஐவரி கோஸ்டின் ஊஃபுவே-புவாஞியும் வந்திருந்தனர். பின்னாளில் இவ்விருவரும் தத்தம் விடுதலை நாட்டின் முதல் குடியரசுத் தலைவர்கள் ஆனார்கள். புதுவைக்கு அவ்வவையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அறுநூறு பேரில் ஒருவர் கை தூக்கி என்ன ஆகும்? புதுவை மில் தொழிலாளியின் கூலியையோ, பாகூர் விவசாயியின் ஏரியையோ பற்றிக் கவலைப்பட அந்த அவைக்கு நேரம் இல்லை. இந்தோசீனப் போர் அப்போது அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பாரீசில் சிறியவராகிய குபேருக்கு அந்தப் பதவியால் கிடைத்த உண்மையான பலன், புதுவையில் அவர் பெரியவர் ஆனதுதான். பிரதிநிதித்துவ சபையிலும் நிர்வாகத்திலும் அவர் சொல்லே நடந்தது.

புதுவையின் நில அமைப்பையும் அறிந்தால்தான் அடுத்து வருவது விளங்கும். புதுவைப் பகுதி ஒரே துண்டான நிலம் அன்று. பிரெஞ்சுக் கிராமம் ஒன்று, அடுத்து இந்தியக் கிராமம், மீண்டும் பிரெஞ்சுக் கிராமம் என்று கிழிந்த துணியில் ஒட்டுப் போட்டதுபோல் கிடந்தது. ஜூஜுவாடியில் நின்ற வண்டிகளின் வரிசையைக் கண்ட நமக்குச் சோதனைச் சாவடி என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. 1949 ஏப்ரலில் சுங்க ஒப்பந்தம் முடிந்தபின், அங்கே வயலுக்கும் வீட்டுக்கும் இடையே சாவடி வந்தது. தங்கமும் கைக்கடிகாரமும் மதுவும் கள்ளவழியில் எல்லை தாண்டின. சிலர் பெருஞ்செல்வர் ஆயினர்; உழுதுண்போர் அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்றனர்.

1954 பிறந்தது. மார்ச் 18 அன்று நிர்வாக சபையினரும் புதுவைப் பகுதியின் எட்டுக் கொம்யூன் மேயர்களும் ஒரு தீர்மானம் செய்தனர். வாக்கெடுப்பே வேண்டாம், உடனே இந்தியாவோடு இணைய வேண்டும் என்றது அது. முன்னின்றவர் யார்? ஏழாண்டு இணைப்பை எதிர்த்த அதே குபேர்! மார்ச் 31 அன்று குபேரும் முத்துப்பிள்ளை முதலிய தோழர்களும் நெட்டப்பாக்கத்தில் புகுந்தனர். நாற்புறமும் இந்தியக் கிராமங்கள் சூழ்ந்த ஊர் அது. காவல் நிலையம் கைப்பற்றப்பட்டது, இந்தியக் கொடி ஏறியது, தற்காலிக அரசு அமைந்தது. பாரீஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், தாம் உறுப்பினராயிருந்த அந்த அரசுக்கு எதிராகவே நெட்டப்பாக்கத்தில் ஓர் அரசு நடத்திய விந்தையை என்னென்பது!

ஏன் மாறினார்? அவர்மீதும் அவர் சகாக்கள் மீதும் பண விவகாரங்கள் குறித்துப் பிரெஞ்சு நிர்வாகம் விசாரணை தொடங்கியிருந்தது. அதிலிருந்து தப்பவே தேசபக்தர் ஆனார் என்று அன்றே பலர் சொன்னார்கள். அதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அவர் நன்றாக அறிந்தவர் என்பதும் மெய். ஆயினும் மற்றொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இணைப்புக்காகச் சிறை சென்றவர்களும் அடிபட்டவர்களும் பல்லாண்டு போராடியும் அசையாத தேர், நிர்வாகத்தின் சொந்த ஆட்களே வடத்தை மாற்றிப் பிடித்தபோது அசைந்தது. பெருமை முழுவதையும் கடைசியில் வந்தவருக்கே கொடுத்துவிட நம் மனம் இடம் தரவில்லை. சுப்பையாவும் பெயர் தெரியாத மில் தொழிலாளர்களும் கிராமத்து இளைஞர்களும் முன்னரே வியர்வை சிந்தியவர்கள்.

பாரீசிலும் அவ்வாண்டு பெரிய மாறுதல்கள் நிகழ்ந்தன. மே 7 அன்று வியத்நாமில் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது. ஜூனில் மெந்தெஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஏனாம் அதற்குள் கைநழுவிவிட்டது; ஜூலையில் மாகியும் கைநழுவியது. இனிப் பிடித்து வைப்பதில் பயனில்லை என்று புதிய பிரதமர் தெளிந்தார். ஆனால் ஒரு தடை. குடிமக்களின் சம்மதமின்றி நாட்டின் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்று பிரெஞ்சு அரசியலமைப்பே கூறியது. சம்மதம் கேட்பது எப்படி? மக்கள் அனைவரையும் கேட்கவில்லை. அவர்களின் பிரதிநிதிகளைக் கேட்டார்கள்.

வில்லியனூரை அடுத்த கீழூர் என்ற சிற்றூரில் 1954 அக்டோபர் 18 அன்று பிரதிநிதித்துவ சபை உறுப்பினரும் நகராட்சி உறுப்பினருமாக 178 பேர் கூடி வாக்களித்தனர். இணைய வேண்டும் என்றோர் 170 பேர். வேண்டாம் என்றோர் 8 பேர். அக்டோபர் 21-இல் புது தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. குறைபட்ட தேர்தல்களில் வென்றவர்களே அந்த 178 பேரில் பலர் என்பது உண்மை. மக்களையே நேராகக் கேட்டிருந்தால் இந்தத் தழும்பு இல்லாதிருக்கும். கேட்டிருந்தாலும் விடை மாறியிராது என்பது நமது துணிபு.

இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரும்வரை புதுவை சட்டப்படி பிரான்சுக்கே சொந்தம். அல்ஜீரியப் போர் அங்கே எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962-இல்தான் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 16 அன்று பத்திரங்கள் பரிமாறப்பட்டன. எட்டு ஆண்டுக் காலம் புதுவையின் உடல் தில்லியிடமும் பத்திரம் பாரீசிடமும் இருந்தன என்று சொல்லலாம்.

குபேர் காங்கிரசில் சேர்ந்தார். புதுவை நகர மேயராகவும் இருந்தார். 1963 ஜூலை 1 அன்று புதுவை சட்டமன்றம் உருவானபோது முதல் முதலமைச்சர் ஆனார். அப்போது வயது ஏறத்தாழ அறுபத்தொன்பது. அப்பதவி நெடுநாள் நிலைக்கவில்லை. 1964 செப்டம்பரில் அதை இழந்தார். அடுத்து வந்தவர் மடுகரை வேங்கடசுப்பா ரெட்டியார். மடுகரை நெட்டப்பாக்கத்தை ஒட்டிய ஊர் என்பதை வாசகர் கவனிக்க. பத்தாண்டுக்கு முன் குபேரை வரவேற்ற மண்ணிலிருந்தே அவருக்குப் பின்னவர் வந்தார். குபேர் 1979 ஆகஸ்டு 14 அன்று காலமானார்.

புதுவை மக்கள் அவரை மறந்துவிடவில்லை என்பதற்குக் கடற்கரைச் சாலையும் அங்காடியும் சான்று. பொன்னுத்தம்பிப் பிள்ளையைப் பற்றியோ யாத்திரை செல்லும் நம்மவரிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பழைய துறந்தோர் குடும்பங்களின் வழித்தோன்றல்களும், பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்ற 'சொல்தா'க்களின் பிள்ளைகளும் புதுவைத் தெருக்களில் இன்றும் வாழ்கிறார்கள். 1962-இல் ஆறு மாதக் காலத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வேண்டி எழுதிக் கொடுத்தவர்கள் அவர்களின் முன்னோர். வெளிநாடு வாழ் பிரெஞ்சு மக்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு 2012-இல் முதன்முறை தேர்தல் நடந்தபோது, இவர்களும் பதினோராவது தொகுதியின் வாக்காளர் ஆனார்கள். அத்தொகுதி இந்தியா மட்டுமன்று. ஆசியாவின் பெரும்பகுதியும் ஆஸ்திரேலியா முதலியனவும் அதனுள் அடங்கும். ஆக, பாரீஸ் தேசிய சட்டமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கப் புதுவைத் தமிழர் சிலர் இன்றும் வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள்.